பதினோராவது ரீல்

அந்த ஆளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவன், அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், நேரில் நானும் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றுதான் பேனாவில் இறங்குகிறது. இறங்கட்டும். அவன் எனக்குச் செய்ததற்கு ஓர் எழுத்து மரியாதையைக் குறைப்பது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை.

எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டராக இருந்தேன். கேபினில் இரண்டு புரொஜக்டர். ஒன்றில் ஒரு ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ரீலை மற்றதில் மாட்டித் தயாராக நிற்க வேண்டும். ஒரு ரீல் பத்து நிமிஷம். விளக்குக்குக் கார்பன் குச்சி. அது எரிய எரியக் குறையும், தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெக்கையில் சட்டை போட முடியாது. படம் ஒழுங்காக ஓடும்வரை மேலே ஒரு மனுஷன் வெந்துகொண்டிருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. அறுந்தால் மட்டும் ஐந்நூறு தலையும் கேபின் பக்கம் திரும்பி என்னைப் பெற்றவளைப் பற்றிப் பேசும்.

அவன் ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். காலையில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவான். மத்தியானம் திண்டுக்கல் பஸ் ஏறிவிடுவான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் கறுப்புத் தோல் பை, உடம்பெல்லாம் பினாயில் வாசம். அவன் படியேறினால் டிக்கெட் கிழிக்கிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். நான் அந்த வாசத்தைக் கேபினிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். வயிறு எரியும். ஏனென்றால் அவன் வந்தால் அன்று படத்துக்கு வேறு யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

ஓடாத படத்தைச் சினிமாவில் 'படுத்துருச்சு' என்போம். மாட்டு வைத்தியத்திலும் அதே சொல்தான். எழுந்திருக்க முடியாமல் விழுந்து கிடக்கிற மாட்டைத்தான் 'படுத்துருச்சு சார்' என்று வந்து சொல்வார்கள். அவன் மண்டைக்குள் இந்த இரண்டும் ஒன்றாகிப்போயிருந்தது. டவுனில் ஒரு படம் படுத்துவிட்டது என்று டீக்கடையில் காதில் விழுந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். நூறு நாள் ஓடுகிற படத்துக்கு அவன் வந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை எங்கள் மேனேஜர் நல்ல படம் ஒன்றுக்கு வற்புறுத்தி உட்காரவைத்தார். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டான்.

"நல்லாத்தான நிக்கிது இந்த மாடு. இதுக்கு நான் எதுக்கு?" என்றான்.

படுத்த மாட்டை ஒரே பக்கமாக விடக் கூடாதாம். புண் வைத்துவிடுமாம். காலையில் இந்தப் பக்கம், மாலையில் அந்தப் பக்கம் என்று புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். இதைப் படத்துக்கும் செய்தான். முதல் நாள் சேர். அடுத்த காட்சிக்குத் தரை டிக்கெட். மறுநாள் பெஞ்ச். பிறகு பால்கனி. நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்தால்தான் அந்தப் படத்தை எடுத்தவன் எங்கே கையை வைக்கப் போனான் என்று தெரியுமாம். கை வைத்த இடம் விளங்காமல் போனதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு படத்தில் ராத்திரி வானத்தைத் துணியில் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் நட்சத்திரம் மொத்தமும் ஆடியது. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெஞ்சிலிருந்து இவன் எழுந்து நின்று திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திட்டினான்.

"வானம் ஆடுது, எனக்கும் கண்ணு தெரியிது. அம்புட்டு வானத்தைக் காட்டணும்னு ஒருத்தன் நெனச்சானா இல்லையா? நீங்க என்னத்தைய்யா நெனச்சீங்க இந்த வயசுக்கு?"

சோடா பாட்டில் மூடி ஒன்று பறந்துபோய் அவன் நெற்றியில் பட்டது. துடைத்துவிட்டு உட்கார்ந்தான். யார் எறிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கேபினிலிருந்து எறிந்தால் அங்கே வரை போகாது என்று மட்டும் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் அவனுக்குப் பிடிக்காதவர்கள் என்று ஒரு கட்சியே இருந்தது. அவன் பேச்சைக் கேட்டுப் படம் பார்க்கப் போய் ஏமாந்தவர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர். எதிரே வருகிறான் என்றால் பூ மார்க்கெட்டில் ஆட்கள் கடைக்குள் போய்விடுவார்கள். அவன் சம்சாரம்கூட ஒரு நாள் தியேட்டர் வாசலில் வந்து நின்றது. சாதுவான பொம்பளை. என்னைப் பார்த்து, "படம் நல்லா இல்லைன்னுதான எல்லாரும் சொல்றாய்ங்க. பெறகு ஏந்தம்பி ஓட்டுறீங்க? ஓட்டாம இருந்தா அவரு நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சோறு திம்பாருல்ல" என்று கேட்டது. எனக்கும் அதே கேள்விதான்.

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. பத்து டிக்கெட்டுக்குக் குறைந்தால் காட்சியை ரத்து செய்து காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எல்லாரும் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவன் வாங்க மாட்டான். ரோட்டில் நின்று போகிற வருகிறவனையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து பத்து ஆளைச் சேர்ப்பான். அதுவும் நடக்கவில்லை என்றால் கிழித்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் மேஜை முன்னால் நிற்பான்.

"கிழிச்சாச்சு. கிழிச்ச டிக்கெட்டுக்குப் படம் ஓட்டணும். முடியாதுன்னா எழுதிக் குடுங்க, நான் கலெக்டர் ஆபீஸ் போய்க் கேட்டுக்கிறேன்."

எங்கள் மேனேஜர் பயந்த சுபாவம். லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வேறு. மேலே பார்த்துக் கையைக் காட்டுவார். நான் கார்பனைப் பற்றவைப்பேன்.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மூன்று இடத்தில் பெண் கேட்டு, மூன்று இடத்திலும் 'சினிமாக் கொட்டகையில வேல பாக்குறவனுக்குப் பொண்ணு குடுக்குறதா' என்று சொல்லிவிட்டார்கள். நான்காவதாகச் சின்னாளப்பட்டியில் ஒரு நெசவுக் குடும்பம் வரச் சொல்லியிருந்தது. புதன்கிழமை, விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும். அம்மாவும் அக்காவும் முன்னாலேயே போய்விட்டார்கள். அம்மா போகும்போது, "ஏப்பா, இதையும் விட்டுட்டா நான் யாரு வீட்டு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் எங்களிடம் ஓடியது ஊரே 'கெணத்துப் படம்' என்று கேலி செய்த படம். தண்ணீர் இல்லாத ஊரில் ஒருத்தன் தனியாளாகக் கிணறு வெட்டுகிறான். அவ்வளவுதான் கதை. யாரோ புது ஆள் எடுத்தது. ஒரு ரீல் முழுக்க அவன் வெட்டுவதையே காட்டுவார்கள், பாட்டும் கிடையாது பேச்சும் கிடையாது. கதாநாயகனுக்கு மீசை ஒரு காட்சியில் மெல்லிசாக இருக்கும், அடுத்த காட்சியில் அடர்த்தியாகிவிடும். வெள்ளிக்கிழமை போட்டோம். சனிக்கிழமையே "கெணத்தை மூடுங்கடா" என்று கத்தினார்கள். செவ்வாய்க்கிழமை எட்டுப் பேர்.

புதன்கிழமை மேட்னிக்கு ஏழு பேர். எனக்குச் சந்தோஷம். காட்சி ரத்து, நிதானமாகக் குளித்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். மேனேஜர் காசைத் திருப்பிக் கொடுத்தார். ஆறு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். படியில் பினாயில் வாசம் வந்தது.

நானே இறங்கிப் போய்க் கேட்டேன். "சார், இன்னைக்கு ஒரு நாள் விட்டுருங்க. பொண்ணு பாக்கப் போறேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நல்ல காரியம்தான் அப்பு. பொண்ணு எங்கயும் போயிறாது. கோமாரி ஊசி வேலையில இத்தனை நாள் வர முடியலை. நாளையோட இந்தப் படத்தை எடுத்துருவாய்ங்க. பெறகு நான் எங்க போயிப் பாக்குறது?"

அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருந்திருக்கும். செய்யவில்லை. மேலே போனேன்.

ஒற்றை ஆளுக்காகப் பதினைந்து ரீல் படம். செய்திப் படத்தைப் போடவில்லை. விளம்பர சிலைடு போடவில்லை. இடைவேளை விளக்கைப் போட்டு உடனே அணைத்தேன். அப்படியும் கணக்குப் பார்த்தால் ஐந்து மணி ஆகும். நாலு மணி பஸ்ஸை விட்டால் ஐந்து மணி பஸ்தான். மாலைக் காட்சிக்கு வேறொரு தியேட்டர் ஆபரேட்டரைச் சொல்லிவைத்திருந்தேன், அவர் ஆறு மணிக்குத்தான் வருவார். பத்து நிமிஷம் இடித்தது. பத்து நிமிஷம் என்பது ஒரு ரீல். பத்தாவது ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த மிஷினில் பதினொன்றை மாட்டாமல் பன்னிரண்டை மாட்டினேன். ஆள் இல்லாத காட்சியில் எல்லா ஊர் ஆபரேட்டரும் செய்வதுதான். என்ன எந்த ரீலில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நாங்கள் படம் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்ப்போம்.

படம் முடிந்து நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடும்போது அவன் சேரிலேயே உட்கார்ந்திருந்தான். முகம் நனைந்திருந்தது. பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

சின்னாளப்பட்டியில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பெண்ணின் அப்பா தறியை விட்டு எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். வேலை நிரந்தரமா என்று கேட்டார். நிரந்தரம் என்றேன். சர்க்கார் கொடுத்த ஆபரேட்டர் லைசென்ஸைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பெண் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்று, "பாத்த படத்தையே தெனமும் பாத்தா சலிக்காதா?" என்று கேட்டது. படம் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்ப்போம் என்று சொன்னேன். அது சிரித்தது. மஞ்சள் சுங்குடிச் சேலை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அம்மா முகத்திலும் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிச்சி வந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கேபினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியார் நுழையக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கும். அவன் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நுழைந்தான்.

"அப்பு, நேத்து மத்தியானம் ஒரு எடம் வந்துச்சு. அவ சோத்துக் கூடையோட கெணத்து மேட்டுல நின்னு 'மேல வாய்யா'ன்னு கூப்பிடுறா. அவன் வரலை. அடுத்து, கெணறு நெறையத் தண்ணி. நரைச்ச தலையோட அவன் மட்டும் ஒத்தையில உக்காந்திருக்கான். அவ இல்லை. என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மூச்சு நின்னுபோச்சு."

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"அதை இன்னொரு தடவை பாக்கத்தான் சாயங்காலக் காட்சிக்குத் தரையில உக்காந்தேன். அந்த எடம் வரலை. நடுவுல அவ சாகுறா, அவன் அழுகுறான், ஊரு நாட்டாமை வந்து புத்தி சொல்றாரு, ஒரு சோகப் பாட்டு வேற. பத்து நிமிசம். மத்தியானம் இது எதுவும் இல்லையே. நீதான எடுத்த?"

போய்க் கேபின் கதவைச் சாத்தினேன். ரீலைத் தூக்குவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். "தெரியாம நடந்துபோச்சு சார். அவசரம்" என்றேன்.

"அவசரமோ என்னமோ, அந்த எடத்துலதான் எடுக்கணும்னு உனக்குத் தோணுச்சுல்ல. எடுத்தவனுக்குத் தோணலையே."

"தோணவெல்லாம் இல்லை சார். கைக்கு வந்த ரீலு."

அவன் கேட்கவே இல்லை. ஊரிலிருந்து மாடு வைத்து விவசாயம் பார்க்கிற நாலு சம்சாரிகளைக் கூட்டிவந்திருக்கிறானாம், மேட்னி பார்க்க. நேற்று மாதிரியே ஓட்ட வேண்டுமாம். முடியாது என்றேன். இன்று கடைசி நாள், பெட்டியை எடுத்துப்போக மதுரையிலிருந்து விநியோகஸ்தரின் ஆள் வருவார், 'ரெப்' என்போம் அவரை, அவர் கண்ணில் பட்டால் நான் தொலைந்தேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவன் தோல் பையைக் கை மாற்றிக்கொண்டு அமைதியாகச் சொன்னான். "ரெப்பு பாத்தாத்தான் தெரியும். மேனேஜர்ட்ட நான் சொன்னா இப்பவே தெரியும். எனக்கு யாரையும் காட்டிக்குடுக்கணும்னு இல்லை தம்பி. அந்த எடம் வேணும். செத்த நேரம் யோசிச்சுக்க."

அந்த நிமிஷம் அவனை நான் வெறுத்தேன். அதுவரைக்கும் எரிச்சல்தான். கல்யாணம் கூடிவருகிற நேரத்தில், ஒரு படுத்துப்போன படத்துக்காக ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்தில் கத்தி வைப்பானா? வைத்தான். அவனுக்கு அது கத்தியாகவே தெரியவில்லை என்பதுதான் இன்னும் ஆத்திரம். மேட்னிக்கு ரெப் வர மாட்டார், சாயங்காலம்தான் வருவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

மேட்னிக்குப் பன்னிரண்டு பேர். இவனும் இவன் கூட்டிவந்த நாலு சம்சாரிகளும் பெஞ்சில். பத்தாவது ரீல் ஓடும்போது கேபின் சுவரின் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன். சேரில் வெள்ளை வேட்டி, மடித்துப் போட்ட துண்டு, மடியில் நூல்கட்டுப் பொட்டலம். சின்னாளப்பட்டிக்காரர். நூல் வாங்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் வந்திருக்கிறார். பன்னிரண்டாவது ரீலைக் கழற்றிவிட்டுப் பதினொன்றை மாட்ட நேரம் இருந்தது. மாட்டியிருக்கலாம். பெஞ்சிலிருந்து அவன் தலையைத் திருப்பிக் கேபினைப் பார்த்தான். நான் மாட்டவில்லை.

திரையில் அவள் 'மேல வாய்யா' என்றாள். கிணறு நிறையத் தண்ணீர் வந்தது. தியேட்டரில் சத்தமே இல்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்.

"நிறுத்துய்யா படத்தை."

ரெப் மேட்னிக்கே வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விளக்கைப் போட்டார்கள். என்னைக் கீழே கூப்பிட்டார்கள். சட்டையில்லாமல் வேர்வையோடு போய் நின்றேன். ரெப் மேனேஜரைப் பார்த்துக் கத்தினார். "படம் புரியலை, புரியலைன்னு ஊரெல்லாம் சொல்றாய்ங்களே, இதனாலதான்யா. நீங்க ரீலைத் தூக்கித் தூக்கியே எங்க படத்தைப் படுக்கப் போட்டுட்டீங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். கை தவறி மாறிவிட்டது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்குப் பிழைத்திருப்பேன். ஒரு தடவை தவறினால் மன்னிப்பு உண்டு. வாயைத் திறப்பதற்குள் அவன் பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்துவிட்டான். ரப்பர் பூட்ஸோடு ரெப்புக்கு முன்னால் நின்றான்.

"யாருய்யா படுக்கப் போட்டது? படுத்ததை எழுப்புனவன்யா இவன். கை தவறியெல்லாம் எடுக்கலை. தெரிஞ்சு, யோசிச்சு எடுத்திருக்கான். நேத்து மேட்னியிலயும் இதே ரீலைத்தான் எடுத்தான். நான் சாட்சி. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"நேத்துமா?" என்றார் மேனேஜர்.

"நேத்துந்தான்" என்றான் அவன், பெருமையாக.

நான் அங்கேயே வேலையிழந்தேன். மேனேஜர் நல்லவர், திட்டவில்லை, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். இவன் அப்போதும் நிறுத்தவில்லை. ரெப்பைப் பிடித்துக்கொண்டு, பட முதலாளிக்குக் கடுதாசி எழுது, எல்லாப் பிரிண்டிலும் அந்த ரீலை எடுத்துவிடச் சொல் என்று வாதாடிக்கொண்டிருந்தான். அவன் கூட்டிவந்த சம்சாரிகளில் ஒருத்தர், "சார், பாவம் அந்தப் பையன் வேலை போகுது" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவனுக்கு உறைக்கவில்லை.

சின்னாளப்பட்டிக்காரர் எல்லாம் முடிகிறவரை தள்ளி நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்தார். கோபமே இல்லாமல் பேசினார்.

"நாங்க ஒரு இழை விட்டுப்போனாக்கூட அந்தச் சேலையை வெளிய விக்கிறதில்ல தம்பி. வீட்டுல கட்டிக்குவோம். நீங்க பத்து நிமிசத்தையே விட்டுட்டு முழுப்படம்னு காட்டுறீங்க. நேத்து எங்க வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்து நிமிசத்துலதான?"

ஆமாம் என்றேன். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. நூல்கட்டை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் தரகர் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா, சொன்னபடி அதற்குப் பிறகு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது முப்பத்தாறு வயதில், என் அக்கா பார்த்து. நன்றாகத்தான் இருக்கிறோம், அது வேறு விஷயம். மஞ்சள் சுங்குடியைக் கடையில் பார்த்தால் இன்றும் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

டவுனில் எந்தத் தியேட்டரும் என்னைச் சேர்க்கவில்லை. ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஒரு டூரிங் கொட்டகையில் வேலை கிடைத்தது. ஒரே புரொஜக்டர், ஒவ்வொரு ரீலுக்கும் இடைவேளை, மணல் தரை, கொசு. ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் கொட்டகை முதலாளி புதுப்படப் பெட்டி வந்திருப்பதாகச் சொன்னார். திறந்து பார்த்தால் கெணத்துப் படம்.

"ஏனுங்க, இது படுத்த படமாச்சே. யாருங்க சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கும் ஒட்டியிருந்தது.

"மாட்டாஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு கம்பவுண்டர் மாத்தலாகி வந்திருக்காருங்க. அவருதான் நச்சரிச்சாருங்க. வாடகையும் கம்மி, போட்டுத்தான் பாப்போமேன்னு வாங்கிட்டேனுங்க."

சாயங்காலம் பொழுது இறங்குகிற நேரத்தில் பினாயில் வாசம் வந்தது. கேபின் என்று சொல்ல அங்கே தகரத் தடுப்புதான். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். இளைத்திருந்தான்.

"விசாரிச்சுக்கிட்டேதான் வந்தேன் அப்பு. இங்க ரெப்பெல்லாம் வர மாட்டான். பயமில்லை."

என் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று காத்திருந்தேன். பெண் வீடு என்ன ஆயிற்று என்று கேட்பான் என்று காத்திருந்தேன்.

"அந்த எடம் ஞாபகம் இருக்குல்ல?" என்றான்.

"நல்லா இருக்கு சார்" என்றேன்.

முன்னால் மணலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முப்பது பேர் இருந்திருப்பார்கள். பத்தாவது ரீல் முடிந்தது. அவள் 'மேல வாய்யா' என்று கூப்பிட்டாள். விளக்கு எரிந்தது, ரீல் மாற்ற. எல்லாரும் பீடி பற்றவைத்தார்கள். அவன் ஒருத்தன் மட்டும் திரும்பி என்னையே பார்த்தான். நான் அவன் பார்க்கும்படி பெட்டியிலிருந்து பதினோராவது ரீலை எடுத்தேன். எண் எழுதிய பக்கத்தை அவனுக்குக் காட்டித் துடைத்தேன். மாட்டினேன். ஒரு அடி விடாமல் ஓட்டினேன்.

மனசு குளிர்ந்துபோனது. பொய் சொல்லவில்லை, கல்யாணம் நடந்திருந்தால்கூட அவ்வளவு குளிர்ந்திருக்காது.

ஆனால் ஒற்றை மிஷின், கூடவே நின்றாக வேண்டும், கார்பன் வேறு அன்று ஒழுங்காக எரிந்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பத்து நிமிஷத்தையும் நான் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு ரீலை முழுதாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அவள் செத்தாள். அவன் அழுதான். நாட்டாமை புத்தி சொன்னார். பாட்டு வந்தது. கூடையோடு அவள் நின்று கூப்பிட்டபோதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணலில் ஒருத்தன் கொட்டாவி விட்டான். எனக்கு அவனை உதைக்க வேண்டும்போல இருந்தது. பிறகு, அவன் மேல் தப்பில்லை என்றும் தோன்றியது.

படம் விட்டதும் அவன் தடுப்புக்கு வந்தான். திட்டுவான் என்று தயாராக இருந்தேன். பதிலும் தயாராக இருந்தது, ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்தது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வெளக்கு நல்லா இருந்துச்சு அப்பு" என்றான். போய்விட்டான்.

மறுநாள் கூட்டம் இன்னும் குறைவு. பத்தாவது ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. பெட்டியைத் திறந்தேன். பதினோராவது ரீலை எடுத்து என் காலுக்குக் கீழே வைத்துவிட்டுப் பன்னிரண்டை மாட்டினேன். விளக்கு அணைந்தது. கிணறு நிறையத் தண்ணீர் வந்தது. நரைத்த தலையோடு அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் பீடி இழுக்கிற சத்தம்கூட நின்றது. நான் தடுப்புக்கு மேலாக எட்டி முன் மணலைப் பார்த்தேன். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் பார்த்தேன். கடைசி ரீல் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் வரவில்லை.